எங்கள் ஊர் வேடியப்பனுக்கு ஒரு பெயர் இருந்தது

மாட்டுப் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். திருவண்ணாமலை மாவட்டம் தண்டராம்பட்டுப் பக்கம், ஏரிக்கரையை ஒட்டிய சின்ன ஊர். வேடியப்பன் கோயிலைப் புதிதாகக் கட்டியிருந்தார்கள். முன்பெல்லாம் கோயில் என்றால் வேப்பமரத்தடியில் இடுப்பளவு உயரத்தில் ஒரு கல், முன்னால் மண் விளக்கு, அவ்வளவுதான். இப்போது கான்கிரீட் கூரை, டைல்ஸ், கிரில் கேட். கல்லைப் பின்சுவரில் பதித்து, நாலு பக்கமும் சிமென்ட் பூசி, மேலே மஞ்சள் எனாமல் பெயிண்ட் அடித்திருந்தார்கள். மீசைக்குக் கறுப்பு, கச்சைக்குச் சிவப்பு. காலடியில் கெண்டியும் சிமிழும் செதுக்கியிருக்கும். பெயிண்ட் அடித்தவருக்கு அது என்னவென்று தெரியவில்லை போல, இரண்டையும் குத்துவிளக்காக்கி விட்டார்.

எல்லோரும் சந்தோஷமாகப் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. கல்லின் மேல்பக்கத்தில் எழுத்து இருந்தது.

சின்ன வயதில் ஆயா அந்தக் கல்லுக்கு எண்ணெய் தேய்த்துத் தண்ணீர் ஊற்றும்போது, அந்தக் கீறல்களில் விரலை ஓட்டிப் பார்ப்பேன். "என்ன ஆயா இது?" என்று கேட்டால், "சாமியோட தலையெழுத்து, கைய எடு" என்பாள். அது வட்டெழுத்து என்னும் பழைய தமிழ் எழுத்து என்பதும், எங்கள் வேடியப்பன் சண்டையில் செத்துப்போன ஒரு மனிதன் என்பதும் கல்லூரிக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

எங்கள் பகுதிக்காரர்களுக்கே இது முழுதாகத் தெரியாது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். செங்கம், தண்டராம்பட்டு, அரூர், கிருஷ்ணகிரி என்று இந்த வட்டாரம் முழுக்க, சண்டையில் செத்த வீரர்களுக்காக நட்ட நடுகற்கள் நிற்கின்றன. பல்லவர் காலத்தில் இங்கே சொத்து என்றால் மாடுதான். மாட்டு மந்தைக்குத் தொறு என்று பெயர். பக்கத்து நாட்டுக்காரன் வந்து தொறுவை ஓட்டிக்கொண்டு போவான், ஊர் இளைஞர்கள் விரட்டிப்போய் மீட்பார்கள். அதில் விழுந்தவனுக்குக் கல் நட்டு, எந்த மன்னனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, யாருடைய சேவகன், பெயர் என்ன, எந்தத் தொறுவை மீட்டுப் பட்டான் என்று வெட்டி வைத்தார்கள். பட்டான் என்றால் இறந்துபட்டான். பெரும்பாலான கற்கள் 'பட்டான் கல்' என்றுதான் முடியும். தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் இந்தக் கல்வெட்டுகளைத் தொகுத்துச் 'செங்கம் நடுகற்கள்' என்று ஒரு நூலாகவே வெளியிட்டது.

எங்கள் தாலுகாவிலேயே எடத்தனூரில் ஒரு கல் இருக்கிறது. முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆவது ஆட்சியாண்டைச் சேர்ந்தது. எருமைகளுக்காக நின்று உயிர்விட்ட கருந்தேவக்கத்தி என்பவனின் கல். அவன் பக்கத்தில் ஒரு நாய் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்னும் நாய் கள்ளனைக் கடித்துக் காத்து நின்றது என்று நாய்க்கும் பெயர் போட்டு எழுதியிருக்கிறார்கள். ஏறக்குறைய ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முன்னால் வாழ்ந்த ஒரு நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது. அதை முதல்முறை படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

இதைவிட மிகப் பழையது தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பை. 2006இல் அங்கே தமிழி (தமிழ் பிராமி) எழுத்து வெட்டிய நடுகற்கள் கிடைத்தன. அதில் ஒன்று, கூடலூர் ஆகோள் பூசலில் பட்ட தீயன் அந்தவன் என்பவனின் கல். கி.மு. காலத்தைச் சேர்ந்தது. அவன் அரசனுமில்லை, வள்ளலுமில்லை. மாட்டுக்கு நடந்த சண்டையில் செத்த ஒருவன்.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. பழைய சென்னை மாகாணத்துக் கிராமங்கள் சிலவற்றில் முதல் உலகப்போர்க் கற்பலகைகளைப் பார்க்கலாம். 1914–1919 பெரும்போருக்கு இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று ஆங்கிலத்தில் வெட்டியிருக்கும். அதில் எண்ணிக்கை மட்டும்தான், யாருடைய பெயரும் இருக்காது. பெரிய சாம்ராஜ்யம் கணக்கு மட்டும் எழுதிவிட்டுப் போன இடத்தில், அதற்குப் பல நூற்றாண்டுக்கு முன்பே மாடு மேய்த்த ஊர்க்காரர்கள் பெயரை எழுதி வைத்திருந்தார்கள். எனக்கு நடுகல்மேல் இருக்கிற மரியாதையெல்லாம் அந்த ஒரு பெயருக்காகத்தான். எங்கள் ஊரில் அந்தப் பெயர்தான் இப்போது சிமென்ட்டுக்கு அடியில் இருக்கிறது.

கல்வெட்டு படிக்கத் தெரிந்த நண்பர் ஒருவரை மறுநாள் விடியற்காலையில் கூட்டிப்போனேன். வெயில் சாய்வாக விழும்போதுதான் தேய்ந்த எழுத்து கண்ணுக்குப் பிடிபடும். மேலே கூரை வந்துவிட்டதால் கிரில் வழியாகக் கொஞ்சம் வெளிச்சம்தான் வந்தது. டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து, பெயிண்ட் மேலேயே அரைமணி நேரம் தடவித் தடவிப் பார்த்தார். கடைசி வரியில் 'ட்டான் கல்' என்று மட்டும் தெரிந்தது. மன்னன் பெயரும் ஆண்டும் இவன் பெயரும் இருக்க வேண்டிய மேல்வரிகள் மொத்தமும் பூச்சுக்குள் போய்விட்டன. உளி வைத்தால் சிமென்ட்டோடு எழுத்தும் பெயர்ந்து வரலாம், நீங்களாக எதுவும் செய்யாதீர்கள் என்றார்.

நான் கோபமாகத்தான் பூசாரி மாமா வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "பேரு இருந்துச்சா? எங்ககிட்ட யாருமே சொல்லலியேப்பா" என்றார். என் கோபம் அங்கேயே வடிந்துவிட்டது. அவர் சொன்னது நியாயம். நெல் விற்ற காசையும் சீட்டுப் பணத்தையும் போட்டுக் கட்டியிருக்கிறார்கள். இத்தனை நூற்றாண்டாக அந்தக் கல் உடையாமல் நின்றதற்குக் காரணமே அவர்கள் வைத்த பொங்கல்தான். கும்பிடாமல் விட்ட கற்கள் துணி துவைக்கப் போனதும், வாய்க்காலுக்குப் பாலமாகக் கிடப்பதும் நான் கண்ணால் பார்த்தது. கல்லூரியிலேயே விஷயம் தெரிந்துகொண்டு ஊரில் யாரிடமும் சொல்லாமல் இருந்தவன் நான்தான்.

அதனால் கல்லைத் தூக்கி மியூசியத்தில் வையுங்கள் என்று நான் கேட்கமாட்டேன். சாலை அகலப்படுத்தும்போது மண்ணோடு மண்ணாகப் போகிற கல்லுக்கு மியூசியம் ஒரு கதி, சரி. கும்பிடுகிற கல் நட்ட இடத்தில்தான் நிற்க வேண்டும். ஏரிக்கரையில், மாடு ஓட்டிப்போகிற வழியில் அது நிற்பதே வரலாற்றில் ஒரு பங்கு.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். பழஞ்சின்னங்களைக் காக்கத் தமிழ்நாட்டில் 1966ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஆனால் அரசு அறிவிக்கை போட்டுப் பாதுகாக்கப்பட்ட சின்னமாகச் சேர்த்தவற்றுக்குத்தான் அதன் முழுக் காவல். வயல்வரப்பில் நிற்கும் ஒவ்வொரு கல்லுக்கும் அறிவிக்கை வரும் என்று காத்திருந்தால் அதற்குள் பெயிண்ட் டப்பா வந்துவிடும். கிராம சபையில் ஒரு தீர்மானம் போதும். இந்தச் சர்வே எண்ணில் இப்படி ஒரு நடுகல் இருக்கிறது, திருப்பணி எதுவானாலும் முதலில் தொல்லியல் துறைக்குத் தகவல் சொல்லி மைப்படி எடுத்த பிறகே தொடங்குவது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், ஊருக்கே அது பொறுப்பாகிவிடும். மைப்படி எடுப்பது பெரிய வேலையுமில்லை. கல்லைக் கழுவி, ஈரத்தாளை ஒட்டி, பிரஷ்ஷால் தட்டித் தட்டி எழுத்துக்குள் இறக்கி, மேலே மை ஒற்றுவார்கள். ஒரு காலைப்பொழுது போதும். அப்புறம் எண்ணெய் ஊற்றுங்கள், மாலை போடுங்கள், படையல் வையுங்கள். எனாமலும் சிமென்ட்டும் மட்டும் வேண்டாம்.

உங்கள் ஊரில் இப்படி ஒரு கல் இருந்தால், காலை ஏழு மணி வெயிலில் பக்கவாட்டாக ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். இன்றைக்கே எடுங்கள், அடுத்த திருவிழாவுக்குள் கல் என்ன ஆகும் என்று சொல்ல முடியாது.

எங்கள் ஊர்த் தீர்மானத்துக்கு மனு எழுதிவிட்டேன். முதல் கையெழுத்து பூசாரி மாமாவுடையது. நேற்று போன் செய்தார். பூச்சைச் சேதமில்லாமல் எடுக்கத் தெரிந்த ஆள் எப்போது வருவார் என்று கேட்டுவிட்டு, வைக்கும் முன் மறுபடியும் கேட்டார்: "பேரு கிடைச்சுடும் இல்ல?"