ஏற்காட்டின் அஞ்சல் குறியீடு பகா எண் அல்ல

ஏற்காட்டின் அஞ்சல் குறியீடான 636601 ஒரு பகா எண் என்றும், ஒன்றாலும் தன்னாலும் அன்றி வேறெதனாலும் வகுபடாது என்றும் சேலம் வட்டார வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிவரும் செய்தி தவறானது. அது ஒற்றையெண், 5-ல் முடியவில்லை, இலக்கங்களின் கூட்டுத்தொகை 22 என்பதால் 3-ஆலும் வகுபடாது என்று அச்செய்தி அடுக்கும் காரணங்கள் உண்மையே. ஆனால் அவை 2, 3, 5 ஆகிய மூன்றை மட்டுமே விலக்குகின்றன. ஓர் எண் பகா எண்ணா என்று உறுதிசெய்ய அதன் வர்க்கமூலம் வரை, இங்கே 797 வரை, உள்ள எல்லாப் பகா எண்களாலும் வகுத்துப் பார்க்க வேண்டும்.

இந்த எண்ணுக்கு அவ்வளவு தூரம் போகவே தேவையில்லை. எண்ணை 636, 601 என இரண்டாகப் பிரித்துக் கழித்தால் 35 கிடைக்கும்; அதாவது 636601 = 636 × 1001 − 35. 1001 என்பது 7, 11, 13 ஆகியவற்றின் பெருக்கல் என்பதால், 35 என்பது 7-ஆல் வகுபடுவதைப் போலவே முழு எண்ணும் 7-ஆல் வகுபடும் (35-ஐ 11-ஓ 13-ஓ வகுக்காததால் அவ்விரண்டும் இதன் காரணிகள் அல்ல). ஈவு 90943, அது 199, 457 என்னும் இரு பகா எண்களின் பெருக்கல்.

எனவே 636601 = 7 × 199 × 457. மூன்று வெவ்வேறு பகாக் காரணிகளைக் கொண்ட இப்பகு எண்ணுக்கு மொத்தம் 8 வகுத்திகள் உண்டு.