அணை மீனின் வருமானம் கரையிலேயே தங்க வேண்டும்

பவானிசாகர், மேட்டூர் மீன் என்றால் நம் பகுதியில் பேச்சு பெரும்பாலும் அணைப் பூங்கா ஓரத்தில் பொரித்து விற்கும் மீனின் ருசியோடு நின்றுவிடுகிறது. 1934இல் மேட்டூர் அணையும் 1955இல் பவானிசாகர் அணையும் கட்டி முடிக்கப்பட்டன. பரிசலில் போய் வலை விரித்துப் பிழைக்கும் குடும்பங்கள் அன்றிலிருந்து இரண்டு நீர்த்தேக்கங்களின் கரைகளிலும் இருக்கின்றன. ஆனால் அவர்கள் பிடிக்கும் கட்லா, ரோகு, ஜிலேபி எல்லாம் பெரும்பாலும் முழு மீனாகவே கைமாறிப் போகின்றன. சுத்தம் செய்து, வெட்டி, பதப்படுத்தி விற்பதில் வரும் வருமானம் வேறு யாருக்கோ சேர்கிறது. அந்த வேலை கரையோர ஊர்ப் பெண்களின் சொந்தக் கூட்டுத் தொழிலாக அமைய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இப்படிச் சொன்னதும் பலருக்கும் மீன் ஊறுகாய்ப் பயிற்சிதான் நினைவுக்கு வருகிறது. ஊறுகாய் நல்ல பொருள்தான். ஆனால் அதில் தொடங்கக் கூடாது, ஐஸில் தொடங்க வேண்டும். நம் வெயிலில் மீனுக்குச் சம எடை ஐஸ் போட்டு வைக்காவிட்டால் சில மணி நேரத்தில் அது கெடத் தொடங்கிவிடும். அதனால்தான் விடியற்காலையில் கரைக்கு வரும் வியாபாரி சொல்லும் விலைக்கே மீனைக் கொடுத்துவிட வேண்டியிருக்கிறது. ஐஸ் பெட்டி வைத்திருப்பவரால்தான் ‘இந்த விலை கட்டுபடியாகாது’ என்று சொல்லிக் காத்திருக்க முடியும்.

அடுத்தது வெட்டும் வேலை. பழகிய கை, அருவாமனையில் உட்கார்ந்து வாலிலிருந்து தலைப்பக்கமாகச் செதிலைச் சுரண்டி, செவுளைப் பிடுங்கி, பித்தப்பை உடையாமல் குடலை எடுத்து, வயிற்றின் உட்புறச் சவ்வையும் வழித்துவிடுகிறது. பித்தப்பை உடைந்தால் சதை கசந்துவிடும். இவ்வளவு நுணுக்கமான வேலைக்கு இன்று கிடைப்பது வெறும் வெட்டுக்கூலி. திருப்பூரில் கணவன், மனைவி இருவருமே பனியன் கம்பெனிக்குப் போகும் வீடுகள் எத்தனையோ இருக்கின்றன. கழுவி வெட்டிய மீன் குளிர்ப்பெட்டியில் வந்தால் அந்த வீடுகளில் வாங்குவார்கள் என்று நம்புகிறேன். கட்லா, ரோகு போன்ற கெண்டை இன மீன்களின் பொடி முள்ளுக்கு அஞ்சிப் பலர் கோவை உக்கடம் மார்க்கெட்டில் கடல் மீனைத் தேடிப் போகிறார்கள். முள்ளைப் பிரித்துச் சதையை மட்டும் எடுக்கும் இயந்திரம் இருக்கிறது. அப்படி எடுத்த சதையில் கட்லெட், மீன் உருண்டை செய்யலாம். கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இத்தகைய பண்டங்களில் நீண்ட காலமாக ஆய்வு செய்து வருகிறது. கோவையிலிருந்து கொச்சி சில மணி நேரப் பயணம்தான்.

மீன் தொழில் என்றாலே கவுச்சி நாற்றம் என்று வாடகைக்கு இடம் தர மறுக்கிறார்கள். கழிவைச் சாக்கடையில் விட்டால் அந்த மறுப்பைக் குறை சொல்ல முடியாது. ஆனால் குடலையும் செதிலையும் சம எடை வெல்லத்தோடு சேர்த்து மூடி வைத்து நொதிக்க விட்டால், இயற்கை விவசாயிகள் பயிருக்குத் தெளிக்கும் மீன் அமிலம் கிடைக்கிறது. வெல்லத்துக்குக் கவுந்தப்பாடி பக்கத்திலேயே இருக்கிறது. தெளிப்பதற்கு மஞ்சள் காடும் காய்கறித் தோட்டமும் சுற்றிலும் இருக்கின்றன.

பணத்துக்கு வழி இல்லை என்று சொல்வதற்கில்லை. 2020இல் தொடங்கிய குறு உணவுப் பதப்படுத்தும் தொழில்களுக்கான பிரதமர் திட்டத்தில், சுயஉதவிக் குழு உறுப்பினர் ஒருவருக்கு 40,000 ரூபாய் வரை தொடக்க மூலதனமும், தனிநபர் தொழிலுக்குத் திட்டச் செலவில் 35 விழுக்காடு, அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை மானியமும் வகுக்கப்பட்டன. பணத்தைவிட எனக்குக் கவலை தருவது உடைமை. ஒரு முதலாளி கூடம் கட்டி, நம் பெண்களை நாள் கூலிக்கு அமர்த்தினால் வேலை கிடைக்கும். விலை சொல்லும் உரிமை கிடைக்காது. கூட்டுறவுப் பால் சங்கத்தில் கொழுப்பு அளவைப் பார்த்து, ஊற்றிய பாலைப் புத்தகத்தில் எழுதி, அதன்படி பணம் தரும் முறை நம் ஊர்களுக்குப் பழகியது. மீனையும் அதேபோல் இனம் பிரித்து, எடை போட்டு, சீட்டு கொடுத்து வாங்கலாம். ஆண்டு லாபத்தை உறுப்பினர்களே பங்கிட்டுக் கொள்ளலாம்.

இவ்வளவும் மீன் கைக்கு வந்தால்தான் நடக்கும். எந்த அணையில் குத்தகை விட்டாலும், பிடிபடும் மீனில் ஒரு பங்கைக் கரையோரப் பெண்கள் குழுக்களுக்கு அன்றைய விலைக்கே முதலில் தர வேண்டும் என்ற நிபந்தனையை மீன்வளத் துறை குத்தகைப் பத்திரத்திலேயே எழுத வேண்டும். அடுத்த கிராமசபைக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவருமாறு கரையோர ஊராட்சிகளில் உள்ள நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.