பைட் ஓடர் டிவைஸுக்குரியது, கெஸ்ட் சிபியூவுக்கு இல்ல

தம்பி, பைட் ஓடர்னா ஒரு எண்ணோட பைட்டுகள மெமரில வைக்கிற வரிசை, பெரிய பக்கம் முதல்ல வந்தா பிக் எண்டியன், சின்ன பக்கம் முதல்ல வந்தா லிட்டில் எண்டியன். எமுலேட்டர்ங்கிறது ஒரு மெஷின சொஃப்ட்வெயர்ல செஞ்சு காட்டுற ப்ரொக்ராம், அதுக்குள்ள ஓடுற மெஷின் கெஸ்ட், அத ஓட்டுற நிஜ மெஷின் ஹோஸ்ட், ரெஜிஸ்டர்னா டிவைஸோட ட்ரைவர் பேசுற சின்ன இடங்கள். "கெஸ்ட் பிக் எண்டியன்னா எமுலேட்டர்ல எல்லா ரெஜிஸ்டரையும் பைட் திருப்பிப் போட்டா வேல முடிஞ்சுது"ன்னு மேல எழுதியிருக்கீங்க, அது சரியில்ல, இங்க ஹட்டன் பண்டாரவளைப் பக்கம் ஃபைனல் இயர் ப்ரொஜெக்ட் செய்யிற பிள்ளைங்க இத நம்பி கோட் எழுதினா நாள் கணக்கா மாட்டிக்குவாங்க.

ஈ1000 நெட்வொர்க் கார்டையே எடுங்க. அது பிசிஐங்கிற பஸ்ல சொருகுற கார்ட், ரெஜிஸ்டர் எல்லாம் லிட்டில் எண்டியன், உள்ள எந்த சிபியூ ஓடினாலும் அப்படித்தான். பிக் எண்டியன் மெஷின்ல லினக்ஸ் ட்ரைவர் ரெஜிஸ்டர வாசிக்க ரீட்எல் ஃபங்ஷன கூப்பிடுறப்பவே அது திருப்பிக்கும், நீங்களும் எமுலேட்டர்ல திருப்பினா ரெண்டு தடவ ஆகி ஹெக்ஸ்ல 12345678 வர வேண்டிய இடத்துல 78563412 வந்து நிக்கும். அதனாலதான் கியூஎமுங்கிற எமுலேட்டர்ல டிவைஸே தன்னோட மெமரி ரீஜன்ல (ரெஜிஸ்டர் இருக்கிற அட்ரஸ் பகுதி) நான் லிட்டில்னு சொல்லி வைக்குது, திருப்ப வேண்டிய இடத்துல கோர், அதாவது கியூஎமுவோட பொதுக் கோட், பாத்துக்கும்.

ஆனா டிஎம்ஏ, அதாவது டிவைஸ் தானே நேரா ரேம்ல வாசிச்சு எழுதுறது, வேற கத. டேட்டா எங்க இருக்குன்னு சொல்ற டிஸ்கிரிப்டர் கெஸ்ட் ரேம்ல கிடக்கு, அத கோர் திருப்பித் தராது, லிட்டில்லருந்து ஹோஸ்ட் ஓடருக்கு மாத்துற ஃபங்ஷன நீங்கதான் போடணும். எக்ஸ்86 லெப்டொப்பும் லிட்டில்தான், அதனால அதுல அத விட்டாலும் ஓடும், அங்கதான் பிழை ஒளிஞ்சிருக்கும்.

நீங்க சொன்னதுக்குக் கிட்ட வர்றது பழைய விர்ட்ஐஓதான் (கெஸ்ட்டுக்குன்னே செஞ்ச டிவைஸ் முறை), அது கெஸ்ட் ஓடர்ல பேசும். அதுலயும் பவர்8 மாதிரி சிபியூ ஓடுறப்பவே ஓடர மாத்திக்கும், அதனால டிவைஸ் ரீசெட் ஆகிறப்ப பாத்து வச்சுக்கணும். விர்ட்ஐஓ 1.0ல இருந்து லிட்டில் மட்டும்தான். தயவுசெஞ்சு அந்த வரிய மாத்திடுங்க தம்பி.