பின்லாந்தைக் காத்தது பனி அல்ல

வெள்ளை உடை அணிந்து, கையில் துப்பாக்கியோடு பனியில் நிற்கும் ஒரு மனிதரின் படம் முகநூலில் அடிக்கடி சுற்றி வருகிறது. அவர் பெயர் சிமோ ஹாய்ஹா. பின்லாந்து விவசாயி. 1939-40 குளிர்காலத்தில் 500க்கும் மேற்பட்ட சோவியத் வீரர்களைச் சுட்டு வீழ்த்தியதாகச் சொல்லப்படுபவர். பனியும் துணிச்சலும் இருந்தால் சின்ன நாடுகூடப் பெரிய நாட்டை மண்ணைக் கவ்வ வைத்துவிடும் என்கிற தொனியில் படத்தின் கீழே நாலு வரி இருக்கும். உக்ரைன் போர் தொடங்கியதிலிருந்து இந்தப் படம் இன்னும் அதிகமாகக் கண்ணில் படுகிறது.

ஹாய்ஹா சண்டையிட்ட அந்த 1939-40 பின்லாந்து-சோவியத் போரைப் பற்றிப் பல வருடங்களாக வாசித்து வருகிறேன். ஒரு தேசத்தின் இருபது வருட உழைப்பை ஒரு துப்பாக்கிக்குள் அடைத்துவிடுகிற இந்தச் சுருக்கம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அதனால்தான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் பனி. பனி என்ன, பின்லாந்துக்காரர்கள் மேல் மட்டும் பெய்யாமல் விட்டதா? ரஷ்யர்களுக்குக் குளிர்காலத்தை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. 1940 மார்ச்சில் பின்லாந்தின் தென்கிழக்கில் இருந்த வீபுரி வளைகுடா உறைந்து இறுகியபோது, சோவியத்தின் செஞ்சேனை அந்தப் பனிக்கட்டி மேலேயே நடந்து வந்து பின்லாந்துப் படையின் பக்கவாட்டில் ஏறியது. கடைசிக் கட்டத்தில் பனி சோவியத்துக்குத்தான் பாதை போட்டுக் கொடுத்தது.

1939 நவம்பர் 30 அன்று சோவியத் யூனியன் படையெடுத்தது. ஹெல்சிங்கி மீது குண்டு விழுந்ததும் அன்றைக்குத்தான். ஒரு பக்கம் 37 லட்சம் மக்கள். எதிர்ப் பக்கம் சுமார் 17 கோடி. பின்லாந்து ராணுவத்தில் எல்லோருக்கும் சீருடைகூட இல்லை. பலருக்கு அரசு கொடுத்தது ஒரு இடுப்புப் பட்டையும் தொப்பியில் குத்திக்கொள்ள ஒரு சின்னமும்தான். மற்றபடி வீட்டிலிருந்து போட்டு வந்த கோட்டும் பூட்ஸும். அன்றைய பிரதமர் கயாண்டரின் பெயரை வைத்து இதற்கு 'கயாண்டர் மாடல்' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

படையெடுத்த மறுநாளே எல்லைக்கு அருகே தெரியோக்கி என்ற ஊரில் ஸ்டாலின் ஒரு பொம்மை அரசாங்கத்தை அறிவித்தார். அதன் தலைவர் ஓட்டோ வில்லே குசினென், 1918க்குப் பிறகு ரஷ்யாவுக்கு ஓடிப்போன பின்லாந்துக் கம்யூனிஸ்ட். நிலப் பிரபுக்களின் நிலத்தைப் பிரித்துக் கொடுப்போம், எட்டு மணி நேர வேலை தருவோம் என்று அந்த அரசாங்கம் பின்லாந்துத் தொழிலாளிகளுக்கு வாக்குறுதி கொடுத்தது. எட்டு மணி நேர வேலைச் சட்டம் பின்லாந்தில் 1917லேயே வந்துவிட்டது!

என்னைப் பொறுத்தவரை இந்தப் போரின் மொத்தக் கதையும் இங்கேதான் இருக்கிறது. மாஸ்கோ தாக்க வந்தது 1918ஆம் ஆண்டுப் பின்லாந்தை. எல்லையில் நின்றது 1939ஆம் ஆண்டுப் பின்லாந்து.

1918இல் அங்கே நடந்தது உள்நாட்டுப் போர். ஒரு பக்கம் தொழிலாளிகளும் நிலமற்ற குத்தகை விவசாயிகளும், அவர்கள் சிவப்பர்கள். இன்னொரு பக்கம் சொந்த நிலம் உள்ளவர்கள், நடுத்தர வர்க்கம், இவர்கள் வெள்ளையர்கள். சுமார் 30 லட்சம் பேர் வாழ்ந்த நாட்டில் 36,000க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அதில் 12,000க்கும் அதிகமானோர் போர் முடிந்த பிறகு, கைதி முகாம்களில் பசியிலும் நோயிலும் செத்த சிவப்பர்கள். ஒரே ஊரில் அண்ணன் தம்பியே எதிரெதிராக நின்ற போர் அது. வெள்ளையர் படைக்குத் தளபதியாக இருந்தவர் மன்னர்ஹைம். 1939இல் நாட்டின் மொத்தப் படைக்கும் தளபதியாக இருந்தவரும் அதே மன்னர்ஹைம்தான்.

அப்பாவை முகாமில் பட்டினிக்குப் பறிகொடுத்த ஒரு பையன், இருபத்தியோரு வருடம் கழித்து மன்னர்ஹைமின் கட்டளைக்குக் கீழே துப்பாக்கி தூக்க வேண்டும். ஏன் தூக்கினான்?

1918 இறுதியிலேயே குத்தகை விவசாயிகள் தாங்கள் உழுத நிலத்தை விலைக்கு வாங்கிக்கொள்ளச் சட்டம் வந்தது. 1922இல் இன்னொரு சட்டம். நிலமில்லாதவர்கள் நிலம் பெறுவதற்கு அது வழி செய்தது; தேவைப்பட்டால் பெரிய பண்ணைகளிடமிருந்து கட்டாயமாக எடுத்தும் கொடுக்கலாம். இதைக் கொண்டுவந்தவர் விவசாயிகள் கட்சியைச் சேர்ந்த குயஸ்தி கல்லியோ. தோற்றுப்போன சிவப்பர்களின் கட்சி 1919 தேர்தலிலேயே நாடாளுமன்றத்தின் 200 இடங்களில் 80 இடங்களைப் பிடித்தது. 1926இல் அந்தச் சமூக ஜனநாயகக் கட்சியின் வைனோ தன்னர் பிரதமரே ஆனார். 1937இல் விவசாயிகள் கட்சியும் சமூக ஜனநாயகக் கட்சியும் சேர்ந்து கூட்டணி ஆட்சி அமைத்தன. எல்லாமே சுமுகமாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். 1930களில் அங்கே தீவிர வலதுசாரிகளின் அட்டகாசம் இருந்தது, கம்யூனிஸ்டுகள் தடை செய்யப்பட்டார்கள். ஆனாலும் ஏழைக்கு இந்த நாட்டில் எனக்கும் பங்கு இருக்கிறது என்று சொல்ல ஏதோ ஒன்று கையில் இருந்தது.

பின்லாந்துக் கம்யூனிஸ்ட் கட்சியின் பொதுச் செயலாளர் அர்வோ துவோமினென் அப்போது ஸ்டாக்ஹோமில் இருந்தார். பொம்மை அரசாங்கத்துக்குத் தலைமை தாங்க மாஸ்கோ அவரைத்தான் முதலில் கூப்பிட்டது. அவர் மறுத்துவிட்டார். போர் நடந்துகொண்டிருந்தபோதே, 1940 ஜனவரியில், முதலாளிகள் சங்கம் முதல் முறையாகத் தொழிற்சங்கங்களைப் பேச்சுவார்த்தைக்கு உரிய தரப்பாக ஏற்றுக்கொண்டது. இது சாதாரண விஷயமில்லை. தலைக்கு மேல் விமானம் பறக்கும்போது, தொழிலாளியிடம் இப்போது பேச வேண்டாம், போர் முடியட்டும் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

சரி, போர்க்களத்துக்கு வருவோம். ராட்டே சாலையைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். எல்லையிலிருந்து சுவோமுஸ்ஸல்மி என்ற ஊரை நோக்கிக் காட்டுக்குள் போகும் ஒற்றைச் சாலை. சோவியத்தின் 44ஆவது டிவிஷன் டாங்கி, லாரி, பீரங்கி, குதிரை என்று ஒன்றன்பின் ஒன்றாக மைல் கணக்கில் அதில் நின்றது. இரண்டு பக்கமும் இடுப்பளவுப் பனி. பின்லாந்துக் கர்னல் சீலஸ்வுவோவின் ஆட்கள் பனிச்சறுக்கில் காட்டுக்குள்ளிருந்து வந்து அந்த வரிசையைத் துண்டு துண்டாக வெட்டினார்கள். எதிரியின் நடமாடும் சமையலறைகளைத் தேடிப்பிடித்து அடித்தார்கள். உறைபனியில் சூடான சோறு இல்லாத படை எத்தனை நாள் தாங்கும்? பின்லாந்து வீரர்களுக்கோ சண்டை முடிந்து திரும்பினால் அடுப்பு வைத்த கூடாரம் இருந்தது.

அந்த 44ஆவது டிவிஷன் உக்ரைனிலிருந்து கொண்டுவரப்பட்டது. காட்டுச் சண்டையும் தெரியாது, பனிச்சறுக்கும் தெரியாது. அதன் தளபதி வினோகிராதோவ் உயிரோடு திரும்பினார். அவரை அவருடைய ராணுவமே, அவருடைய வீரர்கள் கண்முன்னாலேயே, சுட்டுக் கொன்றது. பனியில் விறைத்துக் கிடந்த அந்தப் பையன்களின் படங்களைப் பார்க்கும்போது எனக்குக் கைதட்டத் தோன்றுவதில்லை. இந்தப் போரில் இறந்த சோவியத் வீரர்கள் 1,20,000க்கும் மேல். பின்லாந்து இழந்தது சுமார் 25,000 பேரை. பின்லாந்துக்காரர்கள் தங்கள் வீரர்களின் உடல்களை முடிந்தவரை சொந்த ஊருக்கே கொண்டுவந்து, ஊர்த் தேவாலயத்தின் முற்றத்தில் புதைத்தார்கள். உடல்களைக் கழுவிப் பெட்டியில் வைக்கும் வேலையைப் பெரும்பாலும் ராணுவத்துக்கு உதவிய லோட்டா என்ற தன்னார்வ அமைப்பின் பெண்கள் செய்தார்கள். அவர்களுடைய படம் எந்தப் பதிவிலும் சுற்றி நான் பார்த்ததில்லை.

அப்புறம், பகிர்கிறவர்கள் பெரும்பாலும் சொல்லாமல் விடும் ஒரு விஷயம்: பின்லாந்து இந்தப் போரில் தோற்றது. 1940 பிப்ரவரியில் சும்மா என்ற இடத்தில் அரண் உடைந்தது. பீரங்கிக் குண்டுகள் தீர்ந்துகொண்டே வந்தன. பிரிட்டனும் பிரான்சும் படை அனுப்புகிறோம் என்று சொல்லிக்கொண்டே இருந்தன, அனுப்பவில்லை. மார்ச் 13இல் போர் நின்றபோது, நாட்டின் நிலப்பரப்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கும் வீபுரி நகரமும் போயிருந்தன. போருக்கு முன்னால் ஸ்டாலின் கேட்டதைவிட இது அதிகம்.

அப்போதே கொடுத்துத் தொலைத்திருக்கலாமே என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எஸ்டோனியா, லாட்வியா, லித்துவேனியா மூன்றும் கொடுத்தன. 1939 இலையுதிர் காலத்தில் சோவியத் தளங்களுக்கு இடம் கொடுத்தன. 1940 ஆகஸ்ட் முடிவதற்குள் நாடாகவே இல்லாமல் போயின. திரும்ப எழ 1991 வரை காத்திருந்தன. பின்லாந்து நிலத்தை இழந்தது, நாட்டை இழக்கவில்லை. 1941இல் அது ஹிட்லரின் ஜெர்மனியோடு சேர்ந்து மறுபடி போருக்குப் போனதையும், சோவியத் பக்கம் இருந்த கிழக்குக் கரேலியாவில் ரஷ்யக் குடிமக்களை முகாம்களில் அடைத்து ஆயிரக்கணக்கில் சாகவிட்டதையும் நான் மறைக்கப்போவதில்லை. 1939இன் நியாயம் அந்தக் குற்றத்தைக் கழுவாது.

சமாதான ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் தர வேண்டியவர் நாட்டின் குடியரசுத் தலைவர். அப்போது அந்தப் பதவியில் இருந்தவர் 1922இல் நிலச் சட்டம் கொண்டுவந்த அதே கல்லியோ. இப்படி ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டி வந்த கை வாடிப்போகட்டும் என்று சொல்லிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். சில மாதங்களிலேயே பக்கவாதம் வந்து அந்தக் கை விழுந்தது.

அதே 1940 மே மாதம், வெள்ளையர் வெற்றி விழா கொண்டாடும் வழக்கத்தை மன்னர்ஹைம் நிறுத்தினார். அதற்குப் பதிலாக, 1918இல் செத்த இரு தரப்பினரையும் சேர்த்து நினைவுகூரும் ஒரு நாளை அறிவித்தார். 1940இல் பறிபோன எல்லைப் பகுதியான கரேலியாவிலிருந்து வெளியேறிய மக்கள் நாலு லட்சத்துக்கும் மேல். அந்தக் கோடையிலேயே அவர்களைக் குடியமர்த்தச் சட்டம் போட்டார்கள். அரசு நிலம், கம்பெனி நிலம், தேவாலய நிலம், போதாவிட்டால் தனியார் பண்ணை என்று எடுத்துக் கரேலிய விவசாயிகளுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். கொடுத்தவர்கள் முணுமுணுத்தார்கள். ஆனாலும் கொடுத்தார்கள்.