1729-ஐத் தாண்டியும் எழுதுங்கள்

கும்பகோணத்துக்காரரான கணித மேதை ராமானுஜனைப் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரை, இரண்டு கன எண்களின் கூட்டலாக இரு வகையில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண்ணான 1729-லேயே நின்றுவிட்டது எனக்குப் பெரிய ஏமாற்றம். சாரங்கபாணி சன்னதி தெருவில் அவர் வீட்டைப் பார்க்க வரும் பிள்ளைகளும் அந்த ஓர் எண்ணைத்தான் சொல்கிறார்கள். 1915-இல் அவர் வெளியிட்ட உயர் பகு எண்கள் ஆய்வையும் சொல்லியிருக்க வேண்டாமா? கேம்பிரிட்ஜ் பட்டமே அதற்காகத்தான் கிடைத்தது!

தன்னைவிடச் சிறிய எல்லா எண்களையும்விட அதிக வகுத்திகள் (மீதியில்லாமல் வகுக்கும் எண்கள்) உள்ளது உயர் பகு எண். 12 அப்படிப்பட்டது. நம் பக்கத்தில் அந்தக் காலத்து நெல் அளவையில் கலத்துக்குப் பன்னிரண்டு மரக்கால். பாதி, மூன்றிலொன்று, கால், ஆறிலொன்று என எப்படிப் பங்கு போட்டாலும் மரக்கால் உடையாது.

அந்த ஆய்வில் ராமானுஜன் தந்த உயர் பகு எண் பட்டியலின் கடைசி எண் 6,74,63,28,38,88,800. இதைப் பகாக் காரணிகளாகப் பிரித்தால் 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5-உம் 7-உம் இரண்டிரண்டு முறை, 11, 13, 17, 19, 23 ஒவ்வொன்றும் ஒரு முறை வரும். எத்தனை முறை வருகிறது என்பதுதான் அடுக்கு; 2-லிருந்து 23 வரை போகும்போது அடுக்குகள் எங்கும் ஏறவில்லை, கவனியுங்கள். எல்லா உயர் பகு எண்களுக்கும் இதுதான் விதி. வகுத்திகள் எத்தனை என்று அறிய, ஒவ்வோர் அடுக்கோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்குங்கள்: 7×5×3×3×2×2×2×2×2. மொத்தம் 10,080 வகுத்திகள். கணிப்பொறி இல்லாத காலத்தில் கையால் போட்ட கணக்கு ஐயா இது!

அந்த நீண்ட பட்டியலில் ஓர் எண் மட்டும் விடுபட்டிருக்கிறது: 2,93,31,86,25,600. மேலே சொன்ன எண்ணை 23-ஆல் வகுத்துப் பாருங்கள், அதுவே வரும்.