நொடிக்கு 4 லிட்டர் கணக்கு எல்லா விமானத்துக்கும் பொருந்தாது

தம்பி, "விமானம் நொடிக்கு 4 லிட்டர் குடிக்கும், சென்னையிலிருந்து டெல்லி போவதற்குள் 40,000 லிட்டர், 40 லட்சம் ரூபாய் காலி" என்று போட்டிருக்கிறீர்கள். நொடிக்கு 4 லிட்டர் என்பது நான்கு இன்ஜின் போயிங் 747-க்கு உத்தேசமாகச் சரி. மீனம்பாக்கத்திலிருந்து டெல்லிக்குக் கிளம்புவதில் பெரும்பாலானவை ஏர்பஸ் ஏ320 ரகம். அதன் டேங்கே சுமார் 24,000 முதல் 27,000 லிட்டர்தான். மீதியை எங்கே ஊற்றுவார்கள்?

ஏ320 சீராகப் பறக்கும்போது மணிக்கு ஏறக்குறைய 2,400 கிலோ எரிக்கும். லிட்டருக்கு 0.8 கிலோ என்று பார்த்தால் 3,000 லிட்டர். நொடிக்கு ஒரு லிட்டர்கூட இல்லை. மேலே ஏறும்போது கூடும், இறங்கும்போது நன்றாகக் குறையும். டெல்லிக்கு மொத்தம் 8,000 லிட்டர் சொச்சம். எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை இருக்கும் மணலியின் சாலையில் வரிசைகட்டி நிற்கும் 20,000 லிட்டர் டேங்கர் லாரியில் பாதிகூட இல்லை.

180 சீட்டும் நிறைந்தால் தலைக்கு 45 லிட்டர். அதே 1,760 கிலோமீட்டரை லிட்டருக்கு 50 ஓடும் பைக்கில் தனியாகப் போனாலே 35 லிட்டர் ஆகும். பாதி சீட் காலி என்றால் கதை வேறு, அதை ஒத்துக்கொள்கிறேன்.

லிட்டர் 95 ரூபாய் என்று வைத்தாலும் டெல்லி போகும் மொத்த எரிபொருள் செலவு ஏழரை லட்சத்தைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான்.

அப்புறம், "மணலியிலேயே வடித்து குழாயிலேயே ஏர்போர்ட்டுக்கு அனுப்புகிறார்களே, நமக்குச் சல்லிசாகக் கிடைக்க வேண்டாமா" என்று கேட்ட அண்ணனுக்கு: விமான எரிபொருளின் விலை உலகச் சந்தையை வைத்து மாதாமாதம் மாறுகிறது. ஜிஎஸ்டிக்குள் வராததால் மாநில வாட் வரியும் அதன் தலையில் ஏறுகிறது.