சிபாப் காற்றால் வயிறு வெடிக்காது

"தூக்கத்தில் மூச்சுத் தடைக்குப் போடும் சிபாப் மிஷின் காற்று வயிற்றில் சேர்ந்து வெடித்துவிடும், உடனே நிறுத்துங்கள்" என்று ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. இது தவறு.

சிபாப் (CPAP) என்பது மாஸ்க் வழியாகக் காற்றைத் தள்ளி, தூக்கத்தில் மூச்சுப்பாதை மூடாமல் வைக்கும் மிஷின். அந்தக் காற்று வயிற்றுக்குள் போவது உண்மைதான். தொண்டையில் தள்ளப்படும் காற்றில் கொஞ்சம் உணவுக்குழாய்க்குள் நழுவிவிடும், காலையில் வயிறு உப்பி, ஏப்பமும் வாயுவுமாக இருக்கும். பாவம், அந்த அவஸ்தை நிஜம். ஆனால் இந்த மிஷின்களின் அழுத்தம் பொதுவாக 4 முதல் 20 செ.மீ. உயரத் தண்ணீர் தரும் அழுத்த அளவுதான், உங்கள் மிஷினின் கையேட்டிலேயே பார்க்கலாம். உச்ச அளவுகூட வளிமண்டல அழுத்தத்தில் சுமார் 2 சதவீதம்தான்.

நிறுத்தினால் மூச்சுத் தடை அன்றிரவே திரும்பலாம். அதற்குப் பதில் தலைப்பக்கத்தை உயர்த்தி, இடப்பக்கம் சாய்ந்து படுத்துப் பாருங்கள். மூக்கடைப்பு, நெஞ்செரிச்சல், மாஸ்க் கசிவு இருந்தால் சரிசெய்யுங்கள். அப்புறமும் குறையவில்லையா, மருத்துவரிடம் மிஷினின் பதிவைக் காட்டுங்கள், மூச்சை வெளிவிடும்போது அழுத்தம் குறைகிற மாதிரி அவர் மாற்றித் தர முடியும். நீங்களாக அழுத்தத்தைக் குறைக்காதீர்கள். கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி என்றால் மட்டும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

அந்தத் தகவல் வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள், அதை நம்பி ஒருவர் சிகிச்சையையே விட்டுவிடக்கூடும்.